விமான எரிபொருளும் ரேஷன் மண்ணெண்ணெயும்

சென்ற மாதம், நான் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்த சேலம் எண்ணெய் டிப்போவில், புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு ஒரு வகுப்பு எடுக்கக் கூப்பிட்டிருந்தார்கள். முடியும் நேரத்தில் ஒரு பெண் எழுந்து கேட்டாள்.

"விமானத்துக்குப் போடறதும் மண்ணெண்ணெயும் ஒண்ணுதான்னு சொல்றாங்களே சார். அப்புறம் எதுக்கு ரெண்டு விலை, ரெண்டு சட்டம்?"

தெரிந்ததைச் சொன்னேன். இரண்டும் சுத்திகரிப்பு ஆலையில் கச்சா எண்ணெயின் ஒரே அடுக்கிலிருந்து இறங்குபவை. பக்கத்துப் பக்கத்தில் வைத்தால் பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. ரேஷன் மண்ணெண்ணெயில் நீலச் சாயம் கலந்ததெல்லாம் பிற்பாடு வந்தது. எங்கள் காலத்தில் இரண்டுமே தண்ணீர் நிறம்தான். விமான எரிபொருள் மைனஸ் நாற்பத்தேழு டிகிரி வரை உறையக் கூடாது, அதில் ஒரு சொட்டுத் தண்ணீர் நிற்கக் கூடாது. அடுப்பெரிக்கும் எண்ணெய்க்கு அந்தக் கவலை இல்லை. விமான எரிபொருளுக்கு வரி அதிகம். வெளிநாடு போகும் விமானத்துக்கு மட்டும் தீர்வை இல்லாமல் தனிக் கணக்கில் கொடுப்பார்கள். மண்ணெண்ணெய்க்கு வரி குறைவு, விலையை அரசாங்கம் நிர்ணயிக்கும், குடும்ப அட்டைக்குத்தான் கொடுக்க வேண்டும். அதை லாரி டீசலில் கலந்தால் குற்றம். விமான எரிபொருளை அடுப்பில் ஊற்றினால் நன்றாகவே எரியும், ஆனால் அதுவும் குற்றம்.

அந்தப் பெண் குறித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். சொன்னதில் பிழை எதுவும் இல்லை. ஆனால் வகுப்பில் சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது. அதை எழுதிவிடுகிறேன்.

எனக்கு ஊர் மோகனூர். கரும்பு விவசாயக் குடும்பம். சேலத்தில் வேதியியல் படித்துவிட்டு, எழுபதுகளின் நடுவில் ஒரு எண்ணெய்க் கம்பெனியில் ஆய்வக உதவியாளனாகச் சேர்ந்தேன். முதல் இரண்டு வருஷம் சென்னை விமான நிலையத்தில் பயிற்சி. அங்கே கற்றதெல்லாம் சந்தேகப்படுவதுதான். காலையில் தொட்டியின் அடிக் குழாயைத் திறந்து கண்ணாடி ஜாடியில் ஒரு லிட்டர் பிடிக்க வேண்டும். ஜாடியைச் சுழற்றினால் நடுவில் சுழி விழும். அந்தச் சுழியின் அடியில் தூசியோ தண்ணீரோ திரளுகிறதா என்று வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். பிறகு தண்ணீரைக் காட்டிக்கொடுக்கும் மருந்துத் தாள். அது நிறம் மாறினால் தொட்டி முழுவதும் நிறுத்தம். ஒவ்வொரு லாரியிலும் மாதிரி எடுத்து, பாட்டிலுக்கு அரக்கு முத்திரை வைத்து, நாள் கணக்கில் பாதுகாக்க வேண்டும். ஒரு கையெழுத்து விட்டுப்போனாலும் விமானத்துக்கு எண்ணெய் ஏறாது.

பிறகு சேலம் டிப்போவுக்கு மாற்றினார்கள். இங்கே பெட்ரோல், டீசல், மண்ணெண்ணெய் மட்டும். விமான எரிபொருள் எங்கள் வாசலைத் தாண்டி, கொச்சியிலிருந்து பெங்களூருக்குப் போகும் டேங்கர்களில் நெடுஞ்சாலையோடு போய்விடும். மண்ணெண்ணெய்க்கு இங்கே அடர்த்தி பார்ப்பார்கள், நிறம் பார்ப்பார்கள், அவ்வளவுதான். மாதிரி பாட்டில் கிடையாது, முத்திரை கிடையாது. எனக்கு முதலில் உறுத்தியது. ஆறு மாதத்தில் பழகிவிட்டது.

பழகாதவர் ஒருவர் இருந்தார். எங்கள் டிப்போ அதிகாரி தாமோதரன். அவரும் விமான நிலையத்திலிருந்து வந்தவர்தான். ஐம்பது வயது, ஒல்லியான உடம்பு, சட்டைப் பையில் எப்போதும் ஒரு வெள்ளைத் துணி மடித்து வைத்திருப்பார். எந்த பாட்டிலைத் தொட்டாலும் முதலில் அந்தத் துணியால் வாயைத் துடைப்பார். யாரையும் ஒருமையில் பேசமாட்டார். கோபம் வந்தால் குரல் உயராது. எழுதிக்கொண்டிருக்கும் பேனாவை மூடி மேஜைமேல் வைப்பார். அந்த மூடி சொடுக்கும் சத்தத்துக்கு நாங்கள் பயப்படுவோம்.

அவர் வந்ததும் ஒரு விதி எழுதி ஒட்டினார். காலையில் பெட்ரோல் கொண்டுபோன லாரி திரும்பி வந்து மண்ணெண்ணெய் ஏற்றுவது அப்போது சகஜம். அப்படி ஏற்றும் முன் டேங்கரின் ஒவ்வொரு அறையின் வால்வையும் திறந்து, கீழே வாளி பிடித்து, கடைசிச் சொட்டு விழும்வரை நிற்க வேண்டும். பிறகு மேலே ஏறி மூடியைத் திறந்து உள்ளே பார்க்க வேண்டும். பார்த்தவர் சீட்டில் கையெழுத்துப் போட வேண்டும். அந்தப் பார்க்கும் வேலை என்னுடையது.

"இது பிளேனுக்குப் போறதில்லையே சார்," என்று ஒருநாள் நான் சொல்லிவிட்டேன்.

"பிளேனுக்குப் போறதை நாலு பேர் பார்க்கிறாங்க. இதை நீங்க ஒருத்தர்தான் பார்க்கிறீங்க," என்றார்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு சித்திரை மாதம் நடந்தது இது. மண்ணெண்ணெய்த் தட்டுப்பாடு. மொத்த வியாபாரிகளின் லாரிகள் வாசலில் ஒன்பது நின்றன. நண்பகல் வெயிலில் டேங்கரின் மேல்தகடு கை வைக்க முடியாமல் கொதித்தது. தாமோதரன் சார் அன்று கோயம்புத்தூரில் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தார்.

ஐந்தாவது லாரி செங்கோடன் ஓட்டி வந்தது. திருச்செங்கோட்டுப் பக்கம் ஊர், என் வயதுதான். எங்கள் ஊர்ச் சந்தையெல்லாம் தெரிந்தவன் என்பதால் வந்தால் நின்று பேசுவான். லாரிக்கு நான்கு அறைகள். மூன்று வால்வுகளைத் திறந்து வடித்தேன். நான்காவது திருகவில்லை, இறுகிப்போய் இருந்தது. ஸ்பேனர் எடுக்க ஷெட்டுக்குப் போக வேண்டும்.

"அது காலிங்க சார். காலைல பங்க்குல நானே நின்னு வடிச்சுட்டுத்தானுங்க வாரேன்," என்றான்.

மேலே ஏறி மூடியைத் திறந்திருக்கலாம். தகட்டின் சூட்டை நினைத்துப் பார்த்தேன். பின்னால் நான்கு லாரிகளும் ஹாரன் அடித்தன. சீட்டில் 'நான்கு அறைகளும் காலி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். லாரி உள்ளே போயிற்று. அந்தக் காலத்தில் அறைக்குள் இருக்கும் அளவுக் குறி வரை நிரப்புவார்கள். குறி தொட்டால் சரி. அடியில் முன்பே என்ன இருந்தது என்பதை அந்தக் குறி சொல்லாது.

எட்டு நாள் கழித்து, அம்மாபேட்டை காவல் நிலையத்து சப்-இன்ஸ்பெக்டர் ஒருவர் மஞ்சப் பைக்குள் ஒரு பிராந்தி பாட்டிலோடு டிப்போவுக்கு வந்தார். பாட்டிலில் முக்கால்வாசி மண்ணெண்ணெய்.

"ஒரு பொம்பளை ஸ்டவ் வெடிச்சுச் செத்துப்போச்சு சார். பேரு சரோஜா. புருஷன் கந்தசாமி, தறி நெய்யறவன். அவன்தான் எண்ணெய ஊத்திக் கொளுத்திட்டான்னு பொண்ணு ஊட்டுல புகார். கையெல்லாம் அவனுக்கும் வெந்திருக்கு. கொளுத்தும்போது பட்டதுன்னு எங்க இன்ஸ்பெக்டர் சொல்றாரு, அணைக்கும்போது பட்டதுன்னு அவன் சொல்றான்."

"அந்தம்மா என்ன சொன்னாங்க?" என்று தாமோதரன் சார் கேட்டார்.

"மூணு நாள் ஆஸ்பத்திரில உசுரோட இருந்துச்சு. மாஜிஸ்திரேட்டுகிட்ட வாக்குமூலம் குடுத்திருக்கு. 'பம்பு அடிக்கறதுக்குள்ள குப்புன்னு புடிச்சுக்கிச்சு, அவர் மேல குத்தமில்லை'ன்னு. எல்லாப் பொம்பளையும் சாகும்போது அப்படித்தான் சார் சொல்லும். புருஷனைக் காப்பாத்தும். யாரும் நம்பலை. எனக்கென்னமோ மனசு ஒப்பலை. மெட்ராஸ் லேபுக்கு அனுப்பியிருக்கு, ரெண்டு மாசம் ஆகும். இது அந்த ஊட்டுல டின்னுல மிச்சமிருந்தது. உங்ககிட்ட ஏதோ கருவி இருக்குன்னாங்க."

கருவி இருந்தது. ஃபிளாஷ் பாயிண்ட் பார்க்கும் கருவி, அதாவது எண்ணெயின் ஆவி எந்தச் சூட்டில் தீயைப் பிடிக்கிறது என்று காட்டுவது. ஒரு சின்னப் பித்தளைக் கிண்ணம். உள்ளே இருக்கும் முள்முனை தொடும்வரை எண்ணெய் ஊற்றி, மூடியைப் போட்டு, வெந்நீர்த் தொட்டியில் உட்காரவைத்து மெல்லச் சூடேற்ற வேண்டும். மூடியில் ஒரு சிறு கதவு. அதைத் திறந்தால் பட்டாணி அளவுள்ள ஒரு சுடர் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பும். அரை டிகிரிக்கு ஒருமுறை இப்படிச் செய்துகொண்டே போனால், ஒரு கட்டத்தில் கிண்ணத்துக்குள் நீலமாக ஒரு மின்னல் ஓடும். அதுதான் எண். மண்ணெண்ணெய்க்குச் சட்டப்படி முப்பத்தைந்து டிகிரிக்குக் கீழே வரக் கூடாது. விமான எரிபொருளுக்கு முப்பத்தெட்டு. இந்த ஒரு விஷயத்தில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

சார் துணியால் பாட்டில் வாயைத் துடைத்தார். நான் கிண்ணத்தில் ஊற்றி மூடினேன். தொட்டியைச் சூடேற்றும் முன்பே பழக்கத்தில் கதவைத் திறந்து பார்த்தேன். பக்கென்று நீலம் ஓடிச் சுடர் அணைந்தது.

மறுபடியும் ஊற்றினோம். மறுபடியும் அதே.

"ஐஸ் வாங்கிட்டு வாங்க," என்றார் சார்.

சோடாக் கடையிலிருந்து ஒரு பாளம் வாங்கி வந்து உடைத்து, கிண்ணத்தையும் எண்ணெயையும் குளிரவைத்து, கீழிருந்து ஆரம்பித்தோம். பதினாறு டிகிரியில் பிடித்தது. மூன்று முறை செய்தோம். அரை டிகிரிக்கு மேல் மாறவில்லை.

"பெட்ரோல் கலந்திருக்கு," என்றார் சார். "சேலத்து வெயிலுக்கு இந்த டின் பக்கத்துல தீக்குச்சி கிழிச்சாலே போதும். அந்தம்மா சொன்னது நிஜம்."

சப்-இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "அப்ப அவன் நிரபராதி," என்றார், தனக்குத்தானே சொல்வதுபோல.

சார் ஒவ்வொன்றாகக் கேட்டுக் குறித்தார். எந்த ரேஷன் கடை, அந்தக் கடைக்கு எந்த வியாபாரி, அவருக்கு எந்த நாளில் எந்த லாரி. பிறகு லோடிங் பதிவேட்டை எடுத்தார். சீட்டுக் கட்டைப் பிரித்தார். செங்கோடன் லாரியின் சீட்டில் நின்றார்.

"இது உங்க கையெழுத்து."

"ஆமா சார்."

"நாலையும் திறந்தீங்களா?"

ஆமாம் என்று சொல்லியிருந்தால் விஷயம் ரேஷன் கடைக்காரன் தலையிலோ வியாபாரி தலையிலோ போயிருக்கும். அந்த நினைப்பு எனக்கு வரவில்லை என்று சொன்னால் பொய். வந்தது. ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன், சப்-இன்ஸ்பெக்டரைப் பார்த்தேன். அவர் மடியிலிருந்த தொப்பியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மூணு, சார்," என்றேன்.

பேனா மூடி சொடுக்கியது. பிறகு, "அதை எழுதிக் கொடுங்க," என்று ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் நகர்த்தினார்.

நான் எழுதி முடிப்பதற்குள் அவர் எழுந்துவிட்டார். அந்த நான்காவது அறை மூவாயிரம் லிட்டர், பதினைந்து பீப்பாய். வியாபாரியிடம் விசாரித்ததில் நான்கு பீப்பாய் இன்னும் கடைகளில் திறக்காமல் இருந்தது. பதினொன்று வீடுகளுக்குப் போய்விட்டது. அம்மாபேட்டையின் ஐந்தாறு தெருக்கள்.

ஒரு சைக்கிள் ரிக்‌ஷாவில் ஒலிபெருக்கி கட்டி, பின்னால் டிப்போ லாரியில் நல்ல மண்ணெண்ணெய் ஆறு பீப்பாய் ஏற்றிக்கொண்டு போனோம். ரேஷன் எண்ணெயில் அடுப்புப் பற்றவைக்காதீர்கள், கொண்டுவந்து கொடுத்து மாற்றிக்கொள்ளுங்கள் என்று நான்தான் மைக்கில் சொன்னேன். தறிச் சத்தத்தில் பாதி யாருக்கும் கேட்கவில்லை. கேட்டவர்களும் லேசில் நம்பவில்லை.

"மூணு மணி நேரம் வரிசைல நின்னு வாங்குனதுங்க. இதைப் புடுங்கிட்டுப் போயிட்டு நாளைக்குக் கடைக்குப் போன்னு சொல்வீங்க," என்று ஒரு அம்மா டின்னை இடுப்போடு அணைத்துக்கொண்டு நின்றார்.

சார் அவர் முன்னால் போய், "முதல்ல எங்க எண்ணெயை வாங்கிக்குங்க. அப்புறம் உங்களதைக் கொடுங்க," என்று ஊற்றச் சொன்னார். அதன் பிறகுதான் டின்கள் வந்தன. சாயங்காலத்துக்குள் ஆறு பீப்பாய் அளவுக்குத் திரும்பியது. ஒரு வீட்டில் ஏற்கெனவே தீப்பிடித்து, சாயப்பட்டறைக்காரர் ஒருவர் இரண்டு முழங்கையும் வெந்து படுத்திருந்தார். ஸ்டவ் பழசு, அதனால் வெடித்தது என்று அவர் தன்னையே நொந்துகொண்டிருந்தார்.

மறுநாள் மண்டல அலுவலகத்திலிருந்து தொலைபேசி. நான் பக்கத்தில் நின்றேன். மேலதிகாரியின் குரல் எனக்கே கேட்டது. அந்த பாட்டில் முறைப்படி வந்த மாதிரி இல்லை, சோதனை செய்ததாகப் பதிவு வேண்டாம், மிச்சத்தைக் கீழே கொட்டிவிடுங்கள் என்றார்.

"கொட்டினா தீப்பிடிக்கும் சார்," என்று தாமோதரன் சார் சொல்லிவிட்டு ரிசீவரை வைத்தார். அன்றே அறிக்கையைத் தன் முழுப் பெயரோடு கையெழுத்திட்டுக் காவல் நிலையத்துக்கு ஒரு நகல், கலெக்டருக்கு ஒரு நகல் அனுப்பினார். என் தாளையும் அதோடு இணைத்தார்.

செங்கோடனை நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் ஒரு பட்டறையில் பிடித்தார்கள். அடையாளம் காட்ட என்னையும் கூட்டிப்போனார்கள். அவன் ஓடவில்லை.

"காலைல பங்க்குல பாதில வால்வை மூடிட்டேனுங்க. நூறு லிட்டருக்கு மேல இருக்கும். வழியில ஒருத்தருக்குக் குடுக்கறதா இருந்துச்சு. அதுக்குள்ள உடனே ரெண்டாவது நடைன்னு சொல்லிட்டாங்க. உள்ள வரிசைல நின்னுட்டேன். அப்பச் சொன்னா வேலை போயிருமுங்க."

"நான் சீட்டு எழுதும்போதாவது சொல்லியிருக்கலாமே, செங்கோடா."

"நீங்க திறப்பீங்கன்னு நெனச்சேனுங்க," என்றான். "திறந்தா மாட்டிக்குவேன்னு பயந்துட்டே நின்னேன். நீங்க திறக்கலை."

அவனுக்குச் சிறை கிடைத்தது. எனக்கு ஏழு மாதம் தற்காலிகப் பணிநீக்கம், இரண்டு சம்பள உயர்வு வெட்டு. தாமோதரன் சாருக்கு வந்த குற்றச்சாட்டுக் குறிப்பில் இருந்ததைப் படித்தபோது முதலில் எனக்குப் புரியவில்லை. கட்டுப்பாட்டு உத்தரவுப்படி டிப்போ நேரடியாகப் பொதுமக்களுக்கு ஒரு லிட்டர் மண்ணெண்ணெய்கூட வழங்கக் கூடாது. குடும்ப அட்டையில் பதியாமல் ஆறு பீப்பாய் வழங்கியது விதிமீறல். அதற்காக அவரை வடக்கே எங்கோ மாற்றினார்கள். போகிற அன்று என்னோடு கைகுலுக்கவில்லை. "ஸ்பேனரை லோடிங் மேடையிலேயே கட்டித் தொங்கவிடச் சொல்லியிருக்கேன்," என்று மட்டும் சொன்னார். ஓய்வு பெற்ற கொஞ்ச நாளில் இறந்துவிட்டார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

பணிநீக்கத்தில் வீட்டில் இருந்தபோது ஒருநாள் கந்தசாமி என்னைத் தேடி வந்தார். விடுதலையாகி ஒரு மாதம் ஆகியிருந்தது. கைகளில் தோல் இழுத்துப் பளபளத்தது. விரல்கள் முழுதாக மடங்கவில்லை. இனித் தறியில் உட்கார முடியாது என்பது பார்த்தாலே தெரிந்தது. நான் அடிப்பார் என்று நினைத்தேன். அவர் நின்றுகொண்டே பேசினார்.

"போலீசு விட்டுட்டாங்க சார். ஆனா அவங்க அப்பா நம்பலை. காசு குடுத்து வெளியே வந்துட்டேன்னு சொல்றாரு. சரோஜா பொய் சொல்லிட்டுச் செத்துப்போச்சுன்னு சொல்றாரு. எம்மேல என்ன வேணா சொல்லட்டும். அவ பொய் சொல்லலை. அதை நீங்க வந்து சொல்லணும்."

கம்பெனி வக்கீல் யாரிடமும் பேசக் கூடாது என்று எழுத்தில் கொடுத்திருந்தார். சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

சரோஜாவின் அப்பா வீடு குமாரபாளையத்தில். விசைத்தறிப் பட்டறை வீட்டோடு சேர்ந்தது. அவர் பட்டறை வாசலில் நூல் கண்டுகளை எண்ணி அடுக்கிக்கொண்டிருந்தார். மாப்பிள்ளையைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் யார் என்று சொன்னேன். முதலிலிருந்து சொன்னேன். பெட்ரோல் ஏற்றிய லாரி, வடிக்காத அறை, ஐஸ் வைத்துப் பார்த்த சோதனை, பதினாறு டிகிரி. என் கையெழுத்தையும் சொன்னேன். அவர் உள்ளே கை காட்டினார். தறிகள் ஒவ்வொன்றாக நின்றன.

"அப்ப எம்புள்ள சொன்னது நெசமுங்களா?"

"நிஜங்க. ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லீங்க."

கையிலிருந்த நூல் கண்டைக் கீழே வைத்தார். பிறகு என்னைக் கேட்டார்.

"அந்த நாலாவதத் தொறக்க எவ்வளவு நேரமாகுமுங்க?"

"ஸ்பேனர் எடுத்துட்டு வந்து திறக்க அஞ்சு நிமிஷம் ஆகுங்க."

"அஞ்சு நிமிசம்," என்றார். அதில் கோபம் இல்லை. நூல் கண்டு எண்ணும்போது சொல்வதுபோலச் சொன்னார். எழுந்து என்னைத் தாண்டி, வாசலில் வெயிலில் நின்றிருந்த கந்தசாமியிடம் போனார். அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். தோலைத் தடவினார்.

"சோறு தின்னியா மாப்பிள்ளை?" என்றார்.

இருவரும் உள்ளே போனார்கள். என்னை உட்காரச் சொல்லவும் இல்லை, போகச் சொல்லவும் இல்லை. சிறிது நேரம் நின்றுவிட்டு, ஆற்றுப் பாலத்தின் மேல் நடந்து பவானிக்குப் போய் பஸ் ஏறினேன்.